பழைய கட்டடத்துச் சீலிங் சுதைவேலை: விழுந்த கார்னிஸும் தொங்கும் நடுப்பூவும்

கோணமட்டம் கேட்டது:

வணக்கம். 1900-ஐ ஒட்டிக் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கீழ்க்கூடத்துச் சீலிங் முழுக்கச் சுதைவேலை. மர விட்டங்களுக்கு அடியில் இடுக்கு விட்டு ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) அடித்து, அதன்மேல் சாந்து பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து சீலிங் 4.2 மீட்டர். மாடிக் குழாய் கசிந்ததில் ஒரு சுவரோரம் 2.7 மீட்டர் நீளத்துக்குக் கார்னிஸ் (சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் ஓடும் அலங்காரப் பட்டை) விழுந்துவிட்டது. கசிவை அடைத்தாயிற்று, மரமும் காய்ந்துவிட்டது.

கார்னிஸ் சுவரில் 150 மி.மீ. இறங்கி, சீலிங்கில் 150 மி.மீ. நீள்கிறது. நடுவே முட்டையும் அம்பும் மாறி மாறி வரும் வரிசை. ஒரு முட்டையின் நடுவிலிருந்து அடுத்த முட்டையின் நடுவுக்கு 62 மி.மீ. விழுந்த இடத்துக்கு இரு பக்கமும், மற்ற மூன்று சுவர்களிலும் கார்னிஸ் அப்படியே இருக்கிறது. சீலிங் மையத்தில் 600 மி.மீ. விட்டத்தில் இலைகள் விரிந்த ஒரு நடுப்பூ. அதில் குறுக்கே விரிசல். ஒரு பக்கம் 12 மி.மீ. கீழே தொங்குகிறது. எல்லாவற்றின் மேலும் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, இலை நரம்பெல்லாம் மூழ்கிக் கிடக்கிறது. பெயர்ந்து வந்த ஒரு சில்லில் பெயிண்ட் மட்டும் 2 மி.மீ. இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, எல்லாவற்றையும் இடித்துவிட்டு ரெடிமேட் ஃபைபர் கார்னிஸ் ஒட்டுவது. இல்லையென்றால் விழுந்த இடத்தை வெள்ளை சிமெண்டில் கையால் உருட்டி விடுவது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இருப்பதைக் காப்பாற்றி, விழுந்ததை மட்டும் அதே மாதிரி செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? அச்சை மேலே இருக்கிறபடியே எடுக்கலாமா? சுண்ணாம்பா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா?

சாரப்பலகை எழுதியது:

அச்சு, கலவை எல்லாம் அப்புறம். முதல் வேலை நடுப்பூவுக்கு முட்டுக் கொடுப்பது. 12 மி.மீ. பிளைவுட் 900-க்கு 900 வெட்டி, மேலே 50 மி.மீ. மென்மையான ஃபோம் விரித்து, பாலிதீன் போர்த்தி, அடியில் திருகு முட்டு இரண்டு வையுங்கள். ஃபோம் பூவைத் தொட்டுக் கொஞ்சம் அமுங்கினால் போதும். தொங்குகிற 12 மி.மீ.-ஐ இப்போதே மேலே தள்ளப் பார்க்காதீர்கள். சீலிங் தொங்கும்போது உண்டாகும் இடைவெளியில் உடைந்த சாந்துத் துணுக்கும் தூசியும் போய் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் தள்ளினால் நல்ல நிலையில் மிச்சமிருக்கும் பிடியும் ஒடிந்துவிடும்.

பிடி என்று நான் சொல்வது இதை: பூசும்போது ரீப்பர் இடுக்கு வழியாக மேலே பிதுங்கி, மடங்கி, இறுகிய சாந்து. ரீப்பர் சீலிங்கைத் தாங்குவது அதுதான். கீழேயிருந்து தட்டிப் பார்த்தால் பிடி விட்ட இடம் உள்ளே வெற்றாக இருப்பதுபோல் கேட்கும், ஆனால் எத்தனை பிடி போயிருக்கிறது என்று தெரியாது. மாடியில் தரைப்பலகையைக் கழற்றி மேலேயிருந்து பாருங்கள். பலகைக்கு நம்பர் எழுதிக் கழற்றுங்கள். மென்பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து மேல்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள். வேக்குவம் முனையில் கொசுவலைத் துணி கட்டினால் உடைந்து கிடக்கும் பூவேலைத் துண்டு உள்ளே போகாது.

மேலேயிருந்து பார்க்கும்போது முதலில் தீர்க்க வேண்டியது, இது அங்கேயே பூசியதா, வார்த்துக் கொண்டுவந்து தொங்கவிட்டதா என்பது. பிளாஸ்டரில் சாக்குத்துணியும் மெல்லிய மரச்சட்டமும் புதைத்து வார்க்கும் முறைக்கு டெசாஷி என்பவர் 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு கட்டிய கட்டடங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். சீலிங்கும் கார்னிஸும் அங்கேயே பூசியதாகவும் நடுப்பூ மட்டும் வார்ப்பாகவும் இருப்பது மிகச் சாதாரணம். வார்ப்பென்றால், பிளாஸ்டரில் முக்கிய சாக்குத்துணிப் பட்டையை விட்டத்தில் சுற்றித்தான் தொங்கவிட்டிருப்பார்கள். லண்டன் அப்போலோ தியேட்டரில் 2013 டிசம்பர் 19 அன்று நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சீலிங்கின் ஒரு பகுதி விழுந்ததே, அங்கே நைந்து போயிருந்தது இந்தக் கட்டுகள்தான். சணல் நார் ஈரம் பட்டால் வலுவிழக்கும். வெளியே கெட்டியாகத் தெரியும் கட்டு உள்ளே பொடியாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

பொருள் என்னவென்று அறிய உடைந்த முகத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது இறுகிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இரண்டும் கலந்திருந்தாலும் நுரைக்கும், அதனால் நுரை வந்ததும் "சுத்தச் சுண்ணாம்பு" என்று முடிவு கட்ட வேண்டாம். பூவில் ஒரு ஊசியையும் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கி, நார் வந்தால் அது காகிதக் கூழ். அதில் நீராவியோ தண்ணீரோ பட்டால் ஒரே நாளில் ஊறிப் போய்விடும்.

கடைசியாக ஒன்று. மேல்பக்கத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிப் "பிடி கட்டுகிறோம்" என்று யாராவது வந்தால் விடாதீர்கள். 10 மி.மீ. ஊற்றினாலே ஈரத்தில் சதுர மீட்டருக்கு 16 கிலோ ஏறும். காய்ந்த ரீப்பர் அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பி, மிச்சப் பிடியையும் முறிக்கும்.

கோணமட்டம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. முட்டுக் கொடுத்து, மேலே திறந்து பார்த்தாயிற்று. கார்னிஸ் உடைந்த முகம் நுரைக்கிறது, உள்ளே மயிர் தெரிகிறது; அடியில் 350 மி.மீ. இடைவெளியில் மரத் தாங்கிகள், அதில் ரீப்பர். தாங்கிகள் நன்றாக இருக்கின்றன, ரீப்பர் மூன்று மக்கிவிட்டது. நடுப்பூ நுரைக்கவில்லை, சாக்குத்துணியும் சட்டமும் உள்ளே இருக்கின்றன. விட்டத்தில் சுற்றியிருக்கும் நான்கு கட்டுகளில் இரண்டு, விரல் பட்டாலே உதிர்கின்றன. பூவைக் கழற்றிக் கீழே இறக்கிச் சரிசெய்யலாமா?

சாரப்பலகை எழுதியது:

இறக்க வேண்டாம். 600 மி.மீ. வார்ப்பு பெரிய எடை இல்லை, ஆனால் விரிசல் விட்ட வார்ப்பு இறங்கும்போதுதான் நாலாகும். அங்கேயே கட்டுங்கள்.

இடைவெளியில் இருந்த குப்பை போய்விட்டதால் இப்போது முட்டின் திருகை ஒரு தடவைக்கு 2 மி.மீ. வீதம், இடையிடையே சில மணி நேரம் விட்டு ஏற்றலாம். எதிர்ப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கடைசி 3 மி.மீ. ஏறாவிட்டால் அப்படியே இருக்கட்டும், கீழேயிருந்து கண்ணுக்குத் தெரியாது. பிறகு பழைய வார்ப்பின் முதுகில் புதுக்கட்டு விழும் இடத்தைத் தூசி போகத் துடைத்து, லேசாக ஈரம் காட்டி, 100 மி.மீ. அகலச் சாக்குத்துணிப் பட்டையைப் பிளாஸ்டரில் முக்கி, வார்ப்பில் புதைந்த சட்டத்தையும் விட்டத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள். நான்கையும் மாற்றுங்கள், நல்லதாகத் தெரியும் இரண்டுக்கும் அதே வயதுதான். துணியை மட்டும் நம்பாமல் உள்ளே 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஓடட்டும். நாளை மறுபடி கசிந்து துணி மக்கினாலும் கம்பி தாங்கும். சாதாரணக் கட்டுக்கம்பி கூடவே கூடாது; ஜிப்சத்தின் ஈரத்தில் துருப்பிடித்து, மஞ்சள் கறை கீழே வரை இறங்கும்.

ரீப்பர் சீலிங்கில் பிடி போன இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியும் 25 மி.மீ. வாஷரும். பூவேலை இல்லாத வெற்றுப் பரப்பில், விட்டத்துக்கு நேர் கீழே, முன்துளை போட்டு, வாஷர் சாந்துக்குள் 3 மி.மீ. புதையும்படி முடுக்கி மேலே பூசிவிடுங்கள். டிரில்லில் அதிர்வு முறை வேண்டாம்.

வெண்களி எழுதியது:

அச்சுப் பக்கம் நான் வருகிறேன். பெயிண்டோடு அச்சு எடுத்தால் புது வார்ப்பிலும் அந்த மொழுக்கைதான் வரும். அப்புறம் அதற்கும் பெயிண்ட் அடிப்பீர்கள். ஆகவே எந்தத் துண்டிலிருந்து அச்சு எடுக்கிறீர்களோ அதையாவது அடிவரை சுத்தம் செய்யுங்கள். மற்றதைச் சுரண்டியே ஆக வேண்டும் என்பதில்லை.

சுத்தம் செய்வதற்கு முன்னால் இரண்டு காரியம். ஒரு மூலையில் அடுக்கடுக்காக 10 மி.மீ. அகலப் படிக்கட்டு மாதிரி சுரண்டி, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்; சுரண்டிய பிறகு அந்தத் தகவல் திரும்பி வராது. இரண்டாவது, ஈயச் சோதனை. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். உப்புத்தாள் போட்டு உலரத் தேய்ப்பதும், ஹீட் கன் காட்டுவதும் கூடாது. ஈரமாகச் சுரண்டி, பொருத்தமான முகமூடி போட்டு, கழிவைத் தனியே கட்டுங்கள்.

அடியில் இருப்பது பெரும்பாலும் பசை டிஸ்டெம்பர் (பசைநீரில் வெண்பொடி கரைத்த பூச்சு). வெந்நீரும் பிரஷ்ஷும், அல்லது கொஞ்சம் நீராவி பட்டதும் அது இளகிவிடும். அதனோடு மேலே ஏறியிருக்கும் எண்ணெய்ப் பெயிண்டும் தோலாகக் கழன்று வருவதுண்டு. முதலில் இதைச் சோதியுங்கள், பாதி வேலை மிச்சம். வரவில்லை என்றால் கரைப்பான் களிம்பு. காஸ்டிக் சோடா களிம்பு மட்டும் வேண்டாம். சோடா ஜிப்சத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட் உண்டாக்கும். அந்த உப்பு காயும்போதெல்லாம் தோலுக்கடியில் படிகமாகி மேல்முகத்தைப் பொடிப்பொடியாகத் தள்ளும். பல வருடம் கழித்தும் நிற்காது. மரக்குச்சி, மூங்கில் சீவல், பல் மருத்துவர்களின் கொக்கி ஆகியவை போதும்; ஈரத்தில் ஜிப்சம் மென்மையாகிவிடும், கத்தி முனை எளிதில் கோடு போட்டுவிடும்.

முட்டை வரிசைக்கு இருக்கிற கார்னிஸிலேயே அச்சு எடுக்கலாம். முதலில் பரப்பை மூட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளை நிறைந்தது. மூடாமல் அச்சுக்கான சிலிக்கான் ரப்பரைப் பூசினால் எண்ணெய் இறங்கிக் கறை நிற்கும், உள்ளே பற்றிக்கொண்டு உரியும்போது சாந்தையும் கூட்டி வரும். அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் இரண்டு கை அடித்தால் மூடிவிடும், பின்னால் அசிட்டோனாலேயே துடைத்து எடுக்கலாம். ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அச்சுப்பட்டறையில் கீழே கிடக்கும் துண்டுக்குச் சரி, மேலே இருக்கும் பழையதுக்கு அடிக்காதீர்கள், அது பிறகு வராது. எங்கே செய்தாலும் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசி உரித்துப் பாருங்கள்.

சிலிக்கானில், இறுக வைக்கும் வினையூக்கியைப் பொறுத்து டின் வகை, பிளாட்டினம் வகை என்று இரண்டு. டின் வகை மலிவு, எதன்மேலும் இறுகும், ஆனால் நாளாக நாளாகச் சுருங்கும். பிளாட்டினம் வகை சுருங்காது. ஆனால் கந்தகம், அமீன், லேடெக்ஸ் கையுறை, டின் சிலிக்கான் மிச்சம் ஏதாவது பட்டால் அந்த இடம் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கும். பழைய பெயிண்ட் மேல் நேராகப் பூசும்போது இது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்கு ஒரு பருவ வேலைதான், டின் வகை போதும். ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவுகோலில் 20 அளவில் எடுங்கள். அதற்கு மேல் போனால் அம்பின் உள்வளைவில் உரிக்கும்போது இழுபடும்.

தலைக்கு மேல் வேலை என்பதால் முதல் கை நீர்மையாக, பிரஷ்ஷால் குழிக்குள் குத்திக் குத்தி, குமிழி இல்லாமல் 1 மி.மீ. அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, கெட்டியாக்கும் பொருள் சேர்த்த இரண்டாம் கை, மூன்றாம் கை. மொத்தம் 5 மி.மீ. முழுக்கக் காய்ந்துவிட்டால் அடுத்த கை சரியாகப் பிடிக்காமல் பிறகு ஏடு ஏடாகப் பிரியும். அதன்மேல் சாக்குத்துணி வைத்த பிளாஸ்டர் மேலோடு ஒன்று, 10 மி.மீ.; இது இல்லாமல் ரப்பரை மட்டும் உரித்து மேசையில் வைத்தால் தொய்ந்து, வார்ப்பெல்லாம் கோணும். மேலோட்டை அச்சு நிற்கும்போதே செய்யுங்கள், ரப்பரின் உள்மடிப்புகளைக் களிமண்ணால் நிரப்பிவிட்டு, மேலோடு தனியே கழன்று வரும்படி.

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு: நடுப்பூவுக்கும் அச்சு எடுத்து வைப்பதாக இருந்தால், 600 மி.மீ. வட்டம் 0.283 சதுர மீட்டர். மேடுபள்ளத்துக்கு ஒன்றரை மடங்கு, 0.42. 5 மி.மீ. தடிமனுக்கு 2.1 லிட்டர், அடர்த்தி 1.15 என்றால் 2.4 கிலோ, பக்கெட்டில் ஒட்டுவது 15 சதவீதம் சேர்த்து 2.8 கிலோ. விரிசல் விட்ட பூவிலிருந்து இப்போதே அச்சு எடுக்க வேண்டாம், இழுவையில் பிளவு பெரிதாகும். புதுக்கட்டு இறுகின பிறகு எடுங்கள்.

நீறு எழுதியது:

பொருள் பற்றி. கார்னிஸ் சுண்ணாம்பு என்று தெரிந்துவிட்டது. மேல்முகத்தில் ஜிப்சம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தகடு இழுத்துச் செய்த (வெட்டுமுக வடிவில் வெட்டிய தகட்டை ஈரக் கலவைமேல் ஓட்டி உருவாக்கிய) கார்னிஸுக்குச் சீக்கிரம் இறுகும் கலவை தேவை. புதிதாகச் செய்யும்போதும் அதையே செய்யலாம்: ஊறின சுண்ணாம்புக் களி 1, பிளாஸ்டர் 1, கன அளவில். அடிக்கலவை களி 1, மணல் 3, ஆட்டுமயிர் கலந்து. பூசும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் பிளாஸ்டர். களி குறைந்தது மூன்று மாதம் தண்ணீருக்கடியில் ஊறியிருக்கட்டும். ஊறாததில் மிச்சமிருக்கும் நீறாத துகள், சுவரில் ஏறின பிறகு நீறிப் பருத்து, பரு மாதிரி வெடித்துத் தெறிக்கும்.

காற்றில் இறுகும் சுண்ணாம்போடு ஜிப்சம் சேரும். நீரில் இறுகும் சுண்ணாம்போடும் சிமெண்டோடும் சேராது. சிமெண்டில் உள்ள அலுமினேட்டும் ஜிப்சத்தின் சல்பேட்டும் ஈரத்தில் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற படிகம் உண்டாகும், அது பருத்துச் சாந்தைப் பிளக்கும். உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்ன வெள்ளை சிமெண்ட் ஜிப்சம் கலந்த முகத்தோடு ஒட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் இந்த வேலை நடக்கும். அதோடு அது பழையதைவிடக் கடினம். சீலிங் அசையும்போது விரிசல் புதிதில் விழாது, பக்கத்துப் பழையதில்தான் விழும். வெளிமுகப்பு வேலையாக இருந்தால் பிளாஸ்டரே கூடாது என்பேன், ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரைகிற பொருள் அது. உள்ளே பிரச்சினை இல்லை.

இப்போது இழுப்பு. 2.7 மீட்டர் இடைவெளியின் இரு முனையிலும் பழைய கார்னிஸ் நிற்கிறது. தகடு பொருத்திய கட்டை 300 மி.மீ. நீளம் என்றால், அங்கேயே இழுக்கும்போது இரு முனையிலும் அந்த 300 மி.மீ. வரை தகடு போகாது. கையால்தான் செதுக்க வேண்டும். அதனால் மேசையில் இழுத்து, வெட்டிக் கொண்டுபோய்ப் பொருத்துவதே எனக்குச் சரியென்று படுகிறது. எடையும் பாருங்கள். 150-க்கு 150 முக்கோணத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினால் மீட்டருக்கு 18 கிலோவுக்கு மேல். மேசையில் 10 மி.மீ. தோலாக, சாக்குத்துணி இரண்டடுக்கு வைத்து வார்த்தால் மூன்றரை கிலோவுக்குள் முடியும்.

வெட்டுமுகத்தை எடுக்க, உடைந்த முனையில் ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அட்டையை வைத்து வரையுங்கள். ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். பழைய தகடு தேய்ந்துகொண்டே போயிருக்கும். இரு முனையும் ஒரே அளவாக இருக்காது. இரண்டுக்கும் நடுவான கோட்டை எடுத்து, 1 மி.மீ. துத்தநாகத் தகட்டில் வெட்டி, மென் அரத்தால் ராவி, விளிம்பைத் தடவினால் பிசிறு தெரியாதபடி முடியுங்கள். விளிம்பில் முடி அளவுப் பிசிறு இருந்தாலும் 2.7 மீட்டர் முழுக்க ஒரு கோடு விழும். தகட்டைத் தாங்கும் பலகையின் வெட்டுமுகம் தகட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே, பின்பக்கம் 45 டிகிரி சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கலவை பலகையில் அடைத்துக்கொள்ளும். முட்டை வரிசை உட்காரும் இடத்தைத் தகட்டில் வெறும் பள்ளமாக விடுங்கள். வரிசையைத் தனியே வார்த்து அதில் ஒட்டுவீர்கள்.

பிளாஸ்டர் கரைக்கும் முறைக்கு வருவோம், தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எடைக்கு எடை, தூள் 100, தண்ணீர் 65. தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தூவி முடித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் கையே வைக்காமல் ஊறவிட்டு, பிறகு காற்றுப் புகாமல் அடியிலிருந்து கிளறுங்கள். இறுகுவதற்குத் தூள் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் 18.6 பங்குதான். மீதியெல்லாம் ஆவியாகப் போய் நுண்துளையை விட்டுச் செல்லும். அதனால்தான் "கொஞ்சம் தளர்வாக" என்று தண்ணீர் கூட்டினால் வார்ப்பு சுண்ணக்கட்டி மாதிரி உதிர்கிறது. பக்கெட்டைக் கழுவாமல் அடுத்த கலவை போட்டால், ஒட்டியிருக்கும் இறுகிய துணுக்கு ஒவ்வொன்றும் விதையாகி, கலவை கைக்குள்ளேயே இறுகும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்குவது செத்த கலவை, கொட்டிவிடுங்கள். நேரம் வேண்டுமென்றால் வச்சிரப்பசை கரைத்த நீர் சில சொட்டு; கூடினால் வலு போய்விடும்.

இறுகும்போது பிளாஸ்டர் பருக்கும், மீட்டருக்கு 2 மி.மீ. வரை. தகடு இழுக்கும்போது இது வினையாகும்: கடைசி இழுப்புகளில் கலவை பருத்துத் தகட்டை முட்டும், தகடு துள்ளும், பரப்பில் வரிவரியாக அலை விழும். இதற்காகத்தான் முதலில் தகட்டுக்கு மேல் 5 மி.மீ. தள்ளிய இன்னொரு தகட்டைப் பொருத்தி உள்கருவை இழுத்து இறுகவிட வேண்டும். பருப்பதெல்லாம் அதிலேயே பருத்துவிடும். பிறகு அந்தத் தகட்டைக் கழற்றி, மேல்தோல் 5 மி.மீ.-ஐ மட்டும் இழுத்தால் கண்ணாடியாக வரும். எப்போதும் ஒரே திசையில் இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தகட்டைத் துடையுங்கள்.

சாரப்பலகை எழுதியது:

மேசை இழுப்பு என்று முடிவு கட்டும் முன் ஒரு கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு முனைக்கும் இடையில் சீலிங் நேராக இருந்தால் நீறு சொல்வதுதான் சரி. நூறு வருடம் தொய்ந்த விட்டம் நேராக இருப்பது அபூர்வம். நடுவில் 6 மி.மீ.-க்கு மேல் தொய்வு இருந்தால் மேசையில் செய்த நேரான துண்டு மேலே ஓரிடத்தில் ஒட்டும், இன்னோரிடத்தில் வாய் பிளக்கும். அந்த இடைவெளியைப் பூசி மறைத்தால் சாயங்கால வெளிச்சத்தில் நிழல் காட்டிக்கொடுக்கும். அப்படியிருந்தால் சீலிங்கின் வளைவையே பின்பற்றி தகட்டுக் கட்டை ஓடுவதற்கான ஓட்டுச்சட்டம் அடித்து அங்கேயே இழுங்கள், முனை 300 மி.மீ. கைவேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். எடைக்கும் வழி உண்டு: அடியில் தாங்கிகளும் ரீப்பரும் இருப்பதால் முக்கோணம் முழுக்க நிரம்பவே வேண்டாம். மக்கிய மூன்று ரீப்பரை மட்டும் 8 மி.மீ. இடுக்கு விட்டு மாற்றுங்கள். துத்தநாகம் பூசிய ஆணி போதும்.

நீறு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தொய்வு 6 மி.மீ.-க்குள் என்றால் மேசை வேலையையே மூன்று துண்டாக வெட்டிப் பொருத்தினால் வளைவைத் தொடரலாம். அதற்கு மேல் அங்கேயே இழுப்பதுதான்.

கோணமட்டம் எழுதியது:

கயிறு பிடித்ததில் நடுவில் 4 மி.மீ. தொய்வு. மேசையில் மூன்று துண்டு என்று வைத்துக்கொள்கிறேன். முட்டை வரிசையில் ஒரு சிக்கல்: 2,700-ஐ 62-ஆல் வகுத்தால் 43.5 வருகிறது. அரை முட்டை எங்கே போகும்?

வெண்களி எழுதியது:

அரை முட்டை வைக்கவே கூடாது, யார் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். 44 முட்டை என்று எடுத்தால் 28 மி.மீ. கூடுகிறது. ஆறு முட்டை நீளத் துண்டுகளாக ஒட்டினால் இரு முனையும் சேர்த்து 9 இணைப்பு. ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. ராவ வேண்டும், அம்பு மெலிந்து தெரியும். ஆறாக வார்த்தாலும், காய்ந்த பிறகு அம்பின் நடுக்கோட்டில் இரண்டிரண்டு முட்டையாக அறுத்துவிடுங்கள். 22 துண்டு, 23 இணைப்பு, ஒன்றுக்கு 1.2 மி.மீ. மட்டும். இரு பக்கமும் பகிர்ந்து 0.6 மி.மீ. ராவினால் 4 மீட்டர் உயரத்தில் ஒருவருக்கும் தெரியாது. பழைய வரிசையையும் அளந்து பாருங்கள், அன்றைக்குச் செய்தவர்களும் மூலைக்கு அருகில் இப்படித்தான் நெருக்கியிருப்பார்கள்.

ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டையும் ஒட்டாமல் பள்ளத்தில் அடுக்கி, முனையிலிருந்து முனைக்குப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் முகங்கள் இரண்டையும் கீறி, நன்றாக நனைத்து, தளர்வான பிளாஸ்டரால் ஒட்டுங்கள். நனைக்காமல் ஒட்டினால் காய்ந்த வார்ப்பு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டுக் கலவை இறுகாமல் வெறும் தூளாகிவிடும். ஒட்டின அன்று பிடித்ததுபோல் இருக்கும். வெயில் காலத்தில் ஒவ்வொன்றாக விழும்.

கார்னிஸ் துண்டுகளைத் தாங்கிகளில் 350 மி.மீ.-க்கு ஒரு ஸ்டெயின்லெஸ் திருகாணி வீதம் மேலும் கீழும் முடுக்குங்கள். இணைப்பின் முதுகில் சாக்குத்துணிப் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் மயிரிழை விரிசல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். பழைய முனையோடு சேரும் இடத்தில் புதியது அரை மி.மீ. உள்வாங்கி இருந்தால் நல்லது; சேர்க்கும் சாந்து புதியதன் மேல் ஏறும், பழையதைத் தொட்டுத் தேய்க்க வேண்டி வராது.

புதுத் துண்டின் முதுகில் வருடத்தைக் கீறி வையுங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-இன் சர்வதேச வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்தது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும் என்கிறது. முகத்தில் காட்ட வேண்டியதில்லை, அடுத்து மாடிப் பலகையைத் திறப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

கோணமட்டம் எழுதியது:

பெயிண்ட் எப்போது அடிக்கலாம்? ஹீட்டர் வைத்துக் காயவிடலாமா?

நீறு எழுதியது:

ஹீட்டர் வேண்டாம், காற்றோட்டம் போதும். 45 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் ஜிப்சம் தனக்குள் கட்டியிருக்கும் தண்ணீரையே விடத் தொடங்கும். விளிம்பெல்லாம் வெளுத்து மாவாகும். ஒரு மாதிரி வார்ப்பை அதே கூடத்தில் வைத்து அவ்வப்போது எடை போடுங்கள். அடுத்தடுத்த எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்தான். பெயிண்டில் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், அது படலமாக மூடி, மறுபடி ஈரம் வந்தால் உரியும். பசை டிஸ்டெம்பர் மெல்லியதாக இரண்டு கை. மறுபடி அடிக்க வேண்டி வரும்போது பழையதைக் கழுவி எடுத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த 2 மி.மீ. திரும்பவும் ஏறிவிடும். துருப்பிடித்த பழைய ஆணித்தலை எங்காவது எட்டிப் பார்த்தால், பெயிண்டுக்கு முன்னால் அதன்மேல் மட்டும் ஷெல்லாக் ஒரு சொட்டு வையுங்கள்.